ரிப்போர்ட்டில் வராத வலி

"ஏய் நார்மல்... சாப்பிட வர்றியா, இல்லையா?"

எங்கள் ஹாஸ்டல் மூன்றாவது மாடியில் தினமும் ராத்திரி ஏழரை மணிக்குக் கேட்ட குரல் இது. 'நார்மல்' என்பது ஒரு பெண்ணுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். நாங்கள் என்ன நாங்கள்... நான் வைத்த பெயர்! இன்றைக்கு அதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால், உங்கள் ஹாஸ்டலிலும் ஒரு 'நார்மல்' இருக்கலாம்.

அவளை மீனா என்று கூப்பிடுவோம். நிஜப் பெயர் வேண்டாம். தேனிப் பக்கத்துப் பெண். சிவில் இன்ஜினீயரிங். நான் பயோமெடிக்கல். ரூமில் இன்னொருத்தி ஷாலு, ஐ.டி. மூன்று பேரும் ஒரே எண்ணெய் பாட்டில், ஒரே ஊறுகாய் டப்பா என்று ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

செகண்ட் இயர். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. கீழேயிருந்து பக்கெட்டில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒருநாள் காலையில் பக்கெட்டைத் தூக்கியவள், "ஆ..." என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "முதுகுல சுருக்குன்னுச்சுடி." தைலம் தேய்த்தோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

சரியாகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம்! சர்வே லேப்பில் மொட்டை வெயிலில் நிற்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். கிளாஸில் கடைசி பெஞ்சுக்குப் போய் எழுந்து நின்றுகொள்வாள். ராத்திரி கட்டிலை விட்டுத் தரையில் பாய் விரித்துப் படுப்பாள். ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். "தூக்கம் வரலடி, நீ தூங்கு" என்பாள்.

ஐந்தாவது மாதம் அவள் அப்பா வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்தச் செலவுக்கு அவள் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பெரிய கவரில் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ரூமுக்கு வந்ததும் என்னிடம் நீட்டினாள். "நீதானே இதெல்லாம் படிக்கிறே, பார்த்துச் சொல்லு."

நான் பயோமெடிக்கல் ஸ்டூடண்ட் ஆச்சே! ஃபிலிமை ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்து, பெரிய ஸ்பெஷலிஸ்ட் மாதிரி தலையை ஆட்டினேன். கடைசிப் பாராவை வாசித்தேன். "ஒண்ணுமே இல்லடி. எல்லாம் நார்மல்! சும்மா டென்ஷனா இருக்கும், போட்டுக் குழப்பிக்காதே."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அப்ப எனக்கு ஏன் வலிக்குது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிண்டல் அடித்தேன்.

மறுநாளே கதை மெஸ் வரைக்கும் போய்விட்டது. ஸ்போர்ட்ஸ் டே வேலைக்கு வராதபோது "சீன் போடுறா." இன்டர்னல்ஸ் அன்றைக்குப் படுத்துக் கிடந்தபோது "படிக்கலை போல." அட்டெண்டன்ஸ் குறைந்து அவள் டிபார்ட்மென்ட்டில் போய் நின்றபோது, அவர்கள் கேட்டதும் ரிப்போர்ட்டைத்தான். பார்த்தார்கள். நார்மல். "அப்புறம் என்னம்மா?"

அந்த செமஸ்டரோடு ஹாஸ்டலைக் காலி செய்தாள். பெட்டியைக் கட்டும்போது அழவெல்லாம் இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நீயாவது நம்பியிருக்கலாம்டி."

இரண்டு வருஷம் ஓடியது. ஃபைனல் இயரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போனேன். மெஷினில் புதிதாக ஏதோ மாற்றியிருந்தார்கள். டெஸ்ட் பண்ண ஓர் ஆள் வேண்டும். "நான் வர்றேன் சார்" என்று குதித்துக்கொண்டு போனேன். கம்மல், ஹேர்பின், கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஏன் தெரியுமா? அது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப்புலத்தைவிட 30 ஆயிரம் மடங்குக்கு மேல்! அதன் பக்கத்தில் இரும்புச் சாமான் ஏதாவது போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்துவிடும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு குழாய்க்குள் போனேன். டொக் டொக் டொக், டர்ர்ர்ர் என்று தகர ஷெட்டுக்கு ஆணி அடிக்கிற மாதிரி சத்தம். உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை அந்தக் காந்தம் வரிசைப்படுத்த, ரேடியோ அலை அவற்றை உசுப்பிவிட, அவை திருப்பி அனுப்பும் சிக்னல்தான் படமாகிறது. புஸ்தகத்தில் படித்ததெல்லாம் என் மேலேயே நடந்துகொண்டிருந்தது. ஜாலியாக இருந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். "உனக்கு முதுகு வலி உண்டாம்மா?"

"இல்லையே சார். போன வாரம்கூட த்ரோபால் ஆடினேன்."

"கால் மரத்துப் போகுதா? குத்துதா?"

"இல்லை சார்... ஏன் சார்?"

ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். என் முதுகெலும்பின் அடியில், எல்-5 எலும்புக்கும் எஸ்-1 எலும்புக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க், பன்னிலிருந்து ஜாம் பிதுங்குவது மாதிரி பின்பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் சிரித்தார். "பயப்படாதே. உனக்கு வலி இல்லைன்னா இதுக்கு வைத்தியமும் இல்லை. நாங்க ஆளுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும், படத்துக்கு இல்லை."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோர சீட். மனசு முழுக்க மீனா. என் படத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எனக்கு வலி இல்லை. அவள் படத்தில் ஒன்றுமே இல்லை, அவளுக்கு வலி. அப்படியானால் படத்துக்கும் வலிக்கும் என்னதான் உறவு?

செமினார் டாபிக்காக இதையே எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்கு நானே குட்டு வைத்துக்கொண்டேன்.

முதல் குட்டு 1994-லேயே தயாராக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். அதில் 52 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. 27 சதவிகிதம் பேருக்கு என்னை மாதிரியே பிதுக்கம். 2015-ல் இதே மாதிரி பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். 20 வயசுக்காரர்களிலேயே 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயசில் 96 சதவிகிதம். அதாவது, நரைமுடி மாதிரி இதுவும் வயசோடு வருகிற சமாச்சாரம். நரைத்த தலை எல்லாம் வலிக்கிறதா என்ன?

ஸ்கேன் என்பது வீட்டை போட்டோ எடுக்கிற மாதிரி. சுவரில் விரிசல் விட்டிருந்தால் தெரியும். கூரை இறங்கியிருந்தால் தெரியும். உள்ளே ஒருத்தி அழுதுகொண்டிருந்தால் போட்டோவில் எப்படித் தெரியும்?

சரி, அந்த அழுகையைப் பார்க்க வேறு வழி உண்டா? உண்டு. அதே எம்.ஆர்.ஐ. மெஷின், வேறு வித்தை. 1990-ல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவின் பெல் லேபில் கண்டுபிடித்தது. மூளையில் எந்த இடம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறதோ, அங்கே புது ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தத்துக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்த வித்தியாசத்தைப் பிடித்தால், மூளையில் எந்த 'வார்டில்' இப்போது கூட்டம் என்று தெரிந்துவிடும். இதற்குப் பெயர் எஃப்.எம்.ஆர்.ஐ.

இதை வைத்து வலியைத் தேடப் போனார்கள். மூளையில் வலிக்கென்று ஒரு தனி பட்டன் இருக்கும் என்று நினைத்தால், இல்லை. காலில் சுடுகிறது என்ற சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு வருகிறது. அங்கிருந்து மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ். அங்கிருந்து 'எங்கே சுடுகிறது' என்று பார்க்கும் பகுதி, 'எவ்வளவு மோசம்' என்று பார்க்கும் பகுதி, 'இப்போது என்ன செய்வது' என்று யோசிக்கும் பகுதி என்று பல இடங்களுக்குப் போகிறது. எல்லோரும் கூடிப் பேசி எடுக்கிற முடிவுதான் வலி.

2003-ல் வெளியான ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. 17 பேரின் காலில் ஒரே மாதிரி 49 டிகிரி சூடு. சிலர் "லேசா இருக்கு" என்றார்கள். சிலர் "தாங்க முடியலை" என்றார்கள். நம்ம ஊராக இருந்தால் ரெண்டாவது கோஷ்டிக்கு என்ன பெயர் வைப்போம்? 'சீன் பார்ட்டி'! ஆனால் மூளையைப் பார்த்தால், "தாங்க முடியலை" என்றவர்களின் மூளையில் வலியைக் கவனிக்கும் பகுதிகள் நிஜமாகவே கூடுதலாகக் கொந்தளித்தன. தாலமஸ் வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேலேதான் வித்தியாசம். அவர்கள் நடிக்கவில்லை. அவர்களுக்கு அவ்வளவு வலித்தது, அவ்வளவுதான்.

"அப்ப எல்லாம் மனசுலதானே இருக்கு?" என்று ஷாலு கேட்டாள். நானும் ஒரு காலத்தில் சொன்ன அதே வார்த்தை. அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. 2009-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், கையில் ஒரு சாதாரண க்ரீமைத் தடவி, "இது வலி மரத்துப்போகிற மருந்து" என்று சொல்லிவிட்டுச் சூடு வைத்தார்கள். மருந்தே இல்லாத க்ரீம்! ஆனாலும் வலி குறைந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் தண்டுவடத்தையும் படம் எடுத்திருந்தார்கள். தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்தான். இதயம் துடித்தால் அசையும், மூச்சு விட்டால் அசையும். அதைப் படம் எடுப்பது மூளையைவிடக் கஷ்டம். எடுத்தார்கள். வலிச் சேதி முதன்முதலாக வந்து இறங்குகிற தண்டுவடத்திலேயே ஆரவாரம் குறைந்திருந்தது! 'நம்பிக்கை' என்பது காற்றில் மிதக்கிற விஷயம் இல்லை. அது மூளையிலிருந்து தண்டுவடம் வரை இறங்கி வந்து கதவைச் சாத்துகிறது. ஒரு பொய்யான க்ரீம் மேல் வைத்த நம்பிக்கைக்கே இவ்வளவு பலம். "நீ நடிக்கிறே" என்று நாங்கள் தினம் தினம் சொன்னது அவளுக்கு என்ன செய்திருக்கும்? அதை எந்த மெஷினும் அளக்கவில்லை. ஆனால் யோசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மீனாவின் நாலு மாதக் கதைக்கும் விளக்கம் கிடைத்தது. சிகாகோவில் அப்காரியன் என்பவரின் குழு, முதுகு வலி புதிதாக ஆரம்பித்தவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டே வந்தது. சிலருக்குச் சரியானது. சிலருக்கு நிலைத்துவிட்டது. முதுகில் பட்ட அடியைவிட, மூளையில் இரண்டு இடங்களுக்கு நடுவே இருந்த பேச்சுவார்த்தைதான் யாருக்கு வலி தங்கப்போகிறது என்பதைக் காட்டியது என்று 2012-ல் எழுதினார்கள். அடுத்த வருஷம் இன்னொன்றையும் சொன்னார்கள். வலி பழசாக ஆக, மூளையில் அது வீடு மாறுகிறது. அடிபட்டதைக் கவனிக்கிற பகுதியிலிருந்து, உணர்ச்சிகளைக் கவனிக்கிற பகுதிக்கு. தீ அணைந்த பிறகும் சைரன் ஓயாத மாதிரி. முதுகை எத்தனை தடவை படம் எடுத்தாலும் அது தெரியாது.

'அப்படியானால் எல்லோருக்கும் மூளையை ஸ்கேன் எடுத்து, யாருக்கு நிஜ வலி, யார் டூப் விடுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாமே?' இதுதான் என் அடுத்த புத்திசாலித்தனம். 2013-ல் டோர் வேகர் என்பவரின் குழு 114 பேரை வைத்து, மூளையில் வலியின் 'கையெழுத்து' ஒன்றைக் கண்டுபிடித்தது. வலிக்கிற சூடா, வெறும் கதகதப்பா என்று 94 சதவிகிதத்துக்கும் மேல் சரியாகப் பிரித்துச் சொன்னது. அப்பாடா, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு எது வலி, எது வலி இல்லை என்று யார் கற்றுக்கொடுத்தார்கள்? உள்ளே படுத்திருந்தவர்கள்தான்! "இப்போது எவ்வளவு வலி? நம்பர் சொல்லு" என்று அவர்களைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பதிலை வைத்துத்தான் மெஷின் பாடம் படித்திருக்கிறது. பல கோடி ரூபாய் மெஷினுக்கு வாத்தியார், மனுஷன் வாயால் சொன்ன ஒரு நம்பர். அதுவும் ஆரோக்கியமானவர்களுக்குச் சூடு வைத்துப் பார்த்த வலி. மாதக்கணக்கில் தூங்கவிடாத மீனாவின் வலி வேறு.

அதனால்தான் 2017-ல் உலக வலி ஆராய்ச்சி சங்கம் அமைத்த நிபுணர் குழு, மூளை ஸ்கேனை வலிக்கான பொய் கண்டறியும் கருவியாகப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னது. 2020-ல் அந்தச் சங்கம் வலிக்கான இலக்கணத்தையே திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று கூடவே சேர்த்தது. இவ்வளவு ஆராய்ச்சி செய்து உலகம் வந்து சேர்ந்த இடம், நம்ம பாட்டி சொன்ன இடம்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்!

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஃப்ரெண்ட்ஸ். ஸ்கேன் வேஸ்ட் என்று நான் சொல்லவில்லை. கட்டி, கிருமித்தொற்று, எலும்பு முறிவு, தண்டுவடம் நசுங்குவது... இதையெல்லாம் கண்டுபிடிக்க அதைப்போல வேறு இல்லை. முதுகு வலியோடு கால் பலம் இழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தால், ஆபத்தான அந்தக் காரணங்கள் தெரியவில்லை என்று அர்த்தம். நல்ல சேதிதான். ஆனால் 'வலி இல்லை' என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. அதை எழுதியது நான்.

செமினார் முடிந்தது. கைதட்டினார்கள். அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணியிருக்கலாம். தைரியம் வரவில்லை. போன மாதம்தான் தேனிக்கு பஸ் ஏறினேன், கையில் என் ஸ்கேன் ஃபிலிமோடு.

"வா தாயி, நல்லாருக்கியா?" என்று அவள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். என் கண் முதலில் போனது அவர் காதுக்குத்தான். கம்மல் திரும்பி வந்திருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

மீனா இப்போது பக்கத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்.சி. மேத்ஸ் படிக்கிறாள். எங்களோடு சேர்ந்து முடித்திருக்க வேண்டியவள், இன்னும் செகண்ட் இயர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே இருக்கும் பிரிவில் காட்டுகிறாளாம். பிசியோதெரபி, கொஞ்சம் மாத்திரை, தினமும் நடை. "முதல் நாள் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு, 'நீ சொல்லும்மா'ன்னு அரை மணி நேரம் கேட்டாங்கடி. வெளிய வந்து அழுதுட்டேன். வலியால இல்ல" என்றாள்.

நான் ஃபிலிமை எடுத்து நீட்டினேன். கதையைச் சொன்னேன். ஸாரியும் சொன்னேன். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் ஸாரி கேட்டேன், சுற்றி வளைக்கவில்லை. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அன்றைக்கு நான் செய்தது மாதிரியே தலையை ஆட்டினாள். "டிஸ்க் போனது உனக்கு, வலி எனக்கு. நல்லாருக்குடி கணக்கு!" சிரித்தாள். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்தாள்.

பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் ஒரு தடவை உட்கார்ந்த இடத்தில் நெளிந்தாள். முன்பெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

"இப்ப எவ்ளோடி?"

"பத்துக்கா?"

"ம்."

கொஞ்சம் யோசித்தாள். "நாலு... நாலரை."

எழுந்துபோய் கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்து வந்து அவள் முதுகுக்குக் கொடுத்தேன்.